விழப்போற பல்லும் பிரிக்கப்போற பந்தலும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தாளாளர் மகுடபதி பேச ஆரம்பித்தால் பள்ளி மணிகூட அடிக்க யோசிக்கும். அவரிடம் போய் ஆயா சடச்சி கேட்டாள்: "ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்குப் பல்லு சொத்தையாகுறதுக்கு முன்னாடியே ஒரு டாக்டரைக் கூட்டியாந்து காட்டணும் ஐயா."

"பால்பல்லுக்கா? விழப்போற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்? ஆண்டுவிழாவுக்குள்ள எனக்குப் புரியற மாதிரி ஒரு காரணம் சொல்லு. இல்லாட்டி வேலையை விட்டு நின்னுக்கோ!"

"சரிங்க ஐயா" என்று போனவள், பந்தல் போட வந்தவரிடம் காதோடு காதாக ஏதோ சொன்னாள்.

விழாவன்று தாளாளர் பட்டுச் சட்டையில் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே 'கிரீச்' என்றது. தோளில் பொலபொலவென்று மாவு கொட்டியது. அண்ணாந்து பார்த்தால், அவர் தலைக்கு மேல் மட்டும் உளுத்த மூங்கில்! ஒரே பாய்ச்சலில் வெயிலுக்கு வந்துவிட்டார்.

"யாருடா இதைக் கட்டச் சொன்னது?"

"நான்தாங்க ஐயா," என்றாள் சடச்சி. "சாயங்காலம் பிரிக்கப்போற பந்தல்தானே?"

"பிரிக்கிற வரைக்கும் நான் அதுக்குக் கீழ உட்கார வேண்டாமா?"

"பல்லு விழுற வரைக்கும் பிள்ளைங்களும் அதாலதான ஐயா சாப்பிடணும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாளாளர் வாயை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை, பல் டாக்டர் முன்னால் ஒண்ணாம் வகுப்பு மொத்தமும் வாயைத் திறந்தது.