நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை

குற்றாலலிங்கம் கோபக்காரர். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் பொதிகை அடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். லிங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு கெட்டால்தான் அவருக்குப் பொறுக்காது.

மடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அவரவர் வாசித்த புத்தகங்களை அவரவர் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தத்துவம், பக்தி, இலக்கணம், மருத்துவம், கதை, பிற என்று ஆறு தலைப்பில். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் லிங்கம்தான். குரு அதை வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மாசி மாதம் ஆவுடையம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை என்று தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. லிங்கம் நோட்டைக் கேட்டபோது, பையிலிருந்து அட்டை கிழிந்த பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

லிங்கம் பிரித்துப் பார்த்தார். தலைப்பு ஒன்றும் இல்லை. தேதியும் புத்தகத்தின் பெயரும், ஒன்றன்கீழ் ஒன்றாக. வேதாந்தத்துக்கு மேலே அரிச்சுவடி. அதற்கு மேலே கொள்ளைக்காரன் கதை, அதுவும் பாதி. அதற்கும் மேலே சமையல்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்திலேயே அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். ஐம்பது வயதில் அரிச்சுவடி என்றதும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதித் தரவேண்டும் என்றார் லிங்கம்.

ஆவுடையம்மாள் இலையிலிருந்து கையை எடுத்தார்.

“பிரிக்க மாட்டேன், அண்ணாச்சி. நோட்டைக் குடுங்க.”

லிங்கம் கொடுக்கவில்லை. நோட்டோடு நேராகக் குருவிடம் போனார். முறைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். அந்த அம்மாள் இருப்பதானால் தன்னால் இருக்க முடியாது என்றும் சொன்னார்.

குரு நோட்டை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை லிங்கத்தைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நீங்களே பிரிச்சு எழுதிக் கொண்டாங்க.”

லிங்கம் மூன்று நாள் உட்கார்ந்தார். கோபம் அவரை வேகமாக வேலை செய்ய வைத்தது. ஆறு தலைப்புக்கு ஆறு தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதிகளை விட்டுவிட்டார், தலைப்பு வந்த பிறகு தேதி எதற்கு? சில பெயர்களுக்குப் பக்கத்தில் ‘சத்தமாக’ என்று எழுதியிருந்தது. அதையும் விட்டுவிட்டார். அந்த மூன்று நாளும் ஆவுடையம்மாள் அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. மடத்தை விட்டுப் போகப் பையைக் கட்டி வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். போகட்டும் என்றார் லிங்கம்.

நான்காம் நாள் தாள்களைக் கொண்டுபோய்க் குருவின் முன்னால் வைத்தார். குரு ஆறையும் நிதானமாக வாசித்தார்.

“சுத்தமா இருக்கு. இதுல அந்த அம்மாவோட வீட்டுக்காரர் எந்த இடத்துல இறந்தார்?”

லிங்கத்துக்குப் புரியவில்லை. புத்தகப் பட்டியலில் அது எப்படி இருக்கும் என்று கேட்டார்.

“நோட்டுல இருக்கே.”

லிங்கம் நோட்டை மறுபடி எடுத்தார். இந்தமுறை ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதம், சர்க்கரை நோய் பற்றி ஒரு புத்தகம். புரட்டாசியில் சிறுநீரகம் பற்றி இரண்டு. அதன் பிறகு உப்பில்லாத சமையல். தை மாதம் காசி யாத்திரைக்கு வழிகாட்டி, பக்கத்தில் ‘சத்தமாக’. நகைச்சுவைத் துணுக்குகள் மூன்று தொகுதி, சத்தமாக. மறுபடியும் அதே மூன்று தொகுதி, சத்தமாக. வைகாசியில் கொள்ளைக்காரன் கதை, சத்தமாக, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை.

அதற்குக் கீழே ஒரு வரி காலி.

அடுத்த தேதி பதினோரு மாதம் கழித்து. அரிச்சுவடி. அதற்கடுத்து ஒன்றாம் வகுப்புப் புத்தகம். இரண்டாம் வகுப்பு. பின்பு குழந்தைப் பாட்டு. வேதாந்தம் வருவதற்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

லிங்கம் அந்தக் காலி வரியிலேயே வெகுநேரம் நின்றார்.

“உங்ககிட்ட சொன்னாங்களா, சுவாமி?”

“இல்லை. வாசிச்சேன்.”

லிங்கத்துக்கு மறுபடி கோபம் வந்தது. இப்போது குருவின் மேல். முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று நாள் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேனே என்றார்.

லிங்கம் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். ஆவுடையம்மாள் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு நோட்டை வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். லிங்கம், தான் செய்தது தப்பு என்றார். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லத் தயார் என்றார்.

“அவர் போனப்புறம் எழுத்தே கண்ணுல நிக்கலை. ஒவ்வொரு எழுத்தாக் கூட்டித்தான் திரும்ப வந்தேன். அதை வச்சு நீங்க ஆளுங்களைச் சிரிக்க வச்சீங்க.” அவர் குரல் ஏறவில்லை. “ஏன் பிரிக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி?”

ஆவுடையம்மாள் நோட்டை உலர்ந்த கல்லின் மேல் வைத்துவிட்டுத் துணி பக்கம் திரும்பினார். இருக்கிறாரா, போகிறாரா என்று சொல்லவில்லை. அதைக் கேட்கும் தைரியம் லிங்கத்துக்கு இல்லை.

அவர் குருவிடமே திரும்பி வந்தார். ஆறு தாளும் வைத்த இடத்திலேயே இருந்தன. பார்த்ததும் முகம் சுருங்கியது. அள்ளி எடுத்து, இரண்டாகக் கிழிக்கப் போனார்.

குரு அவர் கையைப் பிடித்தார்.

“கிழிக்காதீங்க, லிங்கம். தேதி போட்டு வைங்க.”