நாற்பத்திரண்டு செகண்ட்

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாண வீடுகளுக்கு சீரியல் பல்பு கட்டியே தலை நரைத்த மனுஷன். நாடகத்துக்கு விளக்குப் போடக் கற்றுக்கொள்ளும் ஆசை எப்படியோ வந்து, தன்னைவிட இருபது வயது சின்னவளான, நாடக விளக்கு போடுவதில் கைதேர்ந்த பிலோமினாவிடம் போய்ச் சேர்ந்தார். இவர் அவளை 'மாஸ்டர்' என்பார். அவள் இவரை 'அண்ணே' என்பாள்.

முதல் நாடகம். மகனைப் பறிகொடுத்த தாயாக இந்திராணியம்மா தனியாகப் பேசும் கடைசிக் காட்சி. ஏழு ஒத்திகையிலும் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்து பார்த்தார். ஏழிலும் நாற்பத்திரண்டு செகண்ட், பிசகவே இல்லை. அதை அப்படியே மேடை விளக்குகளை இயக்கும் லைட் போர்டில் பதிந்துவிட்டார். நேரமானால் விளக்கு தானாக அணையும், பட்டனைக்கூடத் தொட வேண்டாம். மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை!

அரங்கேற்றத்தன்று மகனுடைய சட்டையைக் கையில் எடுத்த இந்திராணியம்மா பேச்சை நிறுத்தி அழுதுவிட்டார். நடிப்பில்லை, நிஜ அழுகை. போர்டுக்கு அதெல்லாம் தெரியுமா? நேரம் வந்தது, அணைத்துவிட்டது. ஒரே ஒரு வரி பாக்கி. அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்த நாடகமும்.

முடிந்துவிட்டதென்று ஜனங்கள் கைதட்டினார்கள். "எம்புள்ள சாப்பிட்டானான்னு யாராவது கேட்டீங்களா?" என்று இருட்டுக்குள் நின்று அந்தம்மா கேட்டது ஒருத்தர் காதிலும் விழவில்லை. ஏகாம்பரத்துக்கு மட்டும் கேட்டது.

ஐயோ, அந்த வெட்கம்! ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை அரங்குக்குள் வந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. சாயங்காலம் மறுபடி அதே நாடகம்.

"மாஸ்டர், எத்தனை செகண்ட் வைக்கணும்னு சொல்லிடுங்க. ஐம்பதா, அறுபதா? இல்லேன்னா இன்னிக்கு நீங்களே போர்டுல உட்காருங்க. நான் வயர் சுருட்டப் போறேன்."

"இந்திராணியம்மாகிட்ட பேசினீங்களா?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறது?"

"அதோ, முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. மேடையில ஏறி மன்னிப்புக் கேளுங்க. எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து செகண்ட் போதும்."

"சரி, ஏறுங்க."

ஏறினார். பிலோமினா போர்டின் முன் உட்கார்ந்தாள். அரங்கம் இருண்டது. இவர் தலைமேல் மட்டும் ஒரு வெளிச்சம் விழுந்தது.

"அம்மா..." என்றார்.

அவ்வளவுதான். மேலே வார்த்தை வரவில்லை. சட்டை நுனியைப் பிடித்து முறுக்கினார். பத்து செகண்ட் எப்போதோ போய்விட்டது. இதோ அணைத்துவிடுவாள் என்று நினைத்து நினைத்து இன்னும் பதறினார். வெளிச்சம் அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் அசையவில்லை.

"அம்மா, உங்க கடைசி வரியை நான் முழுங்கிட்டேன். எம்மேல தப்பு" என்றார் ஒருவழியாக.

இந்திராணியம்மா எழுந்து நின்று கை கூப்பினார். ஏகாம்பரமும் கும்பிட்டார். கூப்பிய கை கீழே இறங்கிய பிறகுதான் வெளிச்சம் மெல்லக் குறைந்தது.

கீழே இறங்கி வந்தவர், முகத்தைத் துண்டால் துடைத்தபடி கேட்டார்.

"எத்தனை செகண்ட் வச்சீங்க, மாஸ்டர்?"

பிலோமினா நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எண்ணலையேண்ணே. உங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்."