வண்டிக்குப் புது எண்ணெய்

பஸ் ஸ்டாண்டு எதிரே டிபன் கடை வைத்திருந்த அரங்கநாதன் வாசலில் பெரிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தார்: 'பொரித்த எண்ணெயை மறுபடி தொடமாட்டோம். பயோடீசல் தயாரிக்கக் கொடுத்துவிடுவோம்.'

கொடுத்ததெல்லாம் போர்டில்தான். வடைச்சட்டியில் எண்ணெய் தாராகக் கறுத்துக் கிடந்தது. அவர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் புதுக் கடலை எண்ணெய் தனியாகப் போகும். பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் அந்த வடையை வாங்கித் தின்பதைப் பார்க்கும்போதெல்லாம், வடை சுடும் பூங்காவனத்துக்கு வயிறு எரியும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

ஒரு நாள் பயோடீசல் கம்பெனி அதிகாரி எண்ணெய் வாங்கிப் போக வருவதாகப் போன் வந்தது. அரங்கநாதன் அடுப்படிக்கு ஓடினார்.

"அவருக்குக் கொடுக்க டின் நிறைய எண்ணெய் இருக்கணும். ஆனா சட்டியிலேருந்து ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. நாளைக்கும் அதுலதான் சுடணும்."

"அது எப்படி முதலாளி?"

"எப்படியோ செய். முடியலேன்னா நாளையிலேருந்து வராதே."

"சரிங்க முதலாளி" என்றாள் பூங்காவனம்.

அதிகாரி வந்தார். கடை நிறைய ஜனம் பார்க்க டின்னைத் திறந்தார். எண்ணெய் பொன்னாகப் பளபளத்தது.

"என்னம்மா, இது புது எண்ணெயாச்சே?"

"ஆமாங்க சார். சட்டியில கை வைக்கக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. அதான் அவர் வீட்டுக்கு வெச்சிருந்த கடலை எண்ணெயை ஊத்திட்டேன். எங்க கடையில புது எண்ணெய் வண்டிக்கு, பழைய எண்ணெய் மனுஷங்களுக்கு."

வடையும் கையுமாக நின்றவர்கள் சட்டியை எட்டிப் பார்த்தார்கள். பிறகு அரங்கநாதனைப் பார்த்தார்கள்.