அரிசி லாரியும் நாலு மணிக் குரலும்

அம்பலவாணன் தன் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது திருச்சி விமான நிலையத்தில், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்.

காரில் வழி நெடுக அண்ணன் திட்டிக்கொண்டே வந்திருந்தார். "அம்மா படுக்கையில கிடந்தப்ப நீ மடத்துல மணி அடிச்சுக்கிட்டு இருந்தே."

உள்ளே போன அண்ணன் பத்தடி நடந்து திரும்பி வந்தார். கண்ணாடியைத் தட்டினார். வாய் அசைந்தது. கை கீழே, காலைக் காட்டியது.

காலில் விழுந்து மன்னிப்புக் கேள் என்கிறார் என்று அம்பலவாணன் எடுத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை பெட்டிகளுக்கும் நடுவே, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

போலீஸ்காரர் ஒருவர் பிடித்து எழுப்பியபோது அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

பிறகு நாலு வருடம் பேச்சே இல்லை.

இப்போது அண்ணன் மலேசியாவில், ஈப்போ மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தினமும் நாலு மணிக்குக் கூப்பிட்டார். நர்ஸ் ஒருத்தி தன் போனை அவர் காதருகே பிடித்துக்கொள்வாள். பச்சமலை அடிவாரத்தில் அம்பலவாணன் இருக்கும் மடத்தில் டவர் எடுக்காது. இணையத்தில்தான் பேச வேண்டும்.

"அண்ணே, அன்னிக்குக் கண்ணாடிக்குப் பின்னால என்ன சொன்னே?"

"அதுவா... நீ... டா... ன்னேன்."

"என்ன?"

"...டா."

பன்னிரண்டு நாள் இதே கதை. பதின்மூன்றாம் நாள் நர்ஸ் சொன்னாள், அவருக்கு அதிக நாள் இல்லை என்று. அது மட்டும் உடையாமல் வந்தது.

அம்பலவாணன் அம்மையிடம் போனார். அம்மைதான் மடத்தின் தலைவி. அவரைவிடப் பதினோரு வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உங்க செருப்புச் சத்தம் உங்களுக்கு முந்தி வருது," என்றார், நிமிராமல்.

"நெட் லைன் சரியில்லை, அம்மை. பேச்சு உடையுது."

"போன வாரம்தானே பெரிசாக்கினீங்க?"

"ரெண்டு மடங்காக்கினேன். அப்பவும் உடையுது. இன்னும் பெரிசா வாங்கிக்கோங்கிறான் கம்பெனிக்காரன்."

"அவன் வேற என்ன சொல்வான்?"

"நான் என்னதான் பண்றது? நீங்களாவது ஏதாவது சொல்லுங்க!"

வாசலில் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அம்மை கீரையை வைத்துவிட்டு எழுந்தார். அம்பலவாணனும் பின்னாலேயே போனார்.

குருபூஜைக்கு வந்த அரிசி லாரியும் விறகு லாரியும் வாசலில் ஒன்றோடொன்று மூக்கை நுழைத்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் மடத்துப் பெண் காவேரி நின்றாள், கையில் கற்பூரத் தட்டோடு. வெளியே கிணற்றடிப் பிள்ளையாரிடம் ஏற்றிய கற்பூரம் அணைவதற்குள் சந்நிதிக்குப் போக வேண்டும். மடத்தில் தினமும் அதுதான் முறை. கற்பூரம் பாதி கரைந்திருந்தது.

அம்மை அரிசி லாரியின் முகப்பைத் தட்டினார். "பின்னால எடு."

"மூணு டன் அரிசிம்மா!"

"ரெண்டு நிமிஷம் நின்னா முளைச்சுடுமா?"

லாரி முனகிக்கொண்டே பின்வாங்கியது. காவேரி சுடரைக் கையால் மறைத்தபடி ஓடினாள்.

"போன வருஷம்தான் வாசலை அகலமாக்கினோம்," என்று அம்பலவாணன் சலித்துக்கொண்டார்.

"ஆமா. முன்னாடி ஒரு லாரி அடைச்சுது. இப்ப ரெண்டு அடைக்குது."

அம்பலவாணன் அப்படியே நின்றார். பிறகு அலுவலகத்துக்கு ஓடினார். செருப்பு டப் டப் என்று அடித்தது.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். முகம் செத்திருந்தது.

"அம்மை, லைனை அடைச்சுக்கிட்டு இருக்கிறது உங்க சொற்பொழிவு வீடியோதான். ஏழு வருஷத்துது. உலகத்துக்குப் போய்ச் சேரணும்னு நான்தான் ஏத்திவிட்டேன். ராப்பகலா போய்க்கிட்டே இருக்கு."

"இப்ப எது போகுது?"

"பொறுமையைப் பத்திப் பேசினது."

"அப்ப பொறுமையா நிக்கட்டும்."

அம்பலவாணன் ரூட்டரில் ஒரே ஒரு விதி போட்டார். குரல் வந்தால் அதற்கு முதல் வழி. மற்றதெல்லாம் பின்னால்.

மறுநாள் நாலு மணி.

"அண்ணே. அன்னிக்கு என்ன சொன்னே?"

அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது. பக்கத்தில் ஏதோ இயந்திரம் சீராக ஒலிப்பதும் கேட்டது.

"பன்னெண்டு நாளா சொல்றேன், காது செவிடாடா உனக்கு? நீ போட்டிருந்தது என் செருப்பு. வர்ற வழியில கோயில்ல கழட்டினோமே, அங்க மாறிப்போச்சு. உன்னோடது என் காலைக் கடிக்குது, கழட்டிக் குடுடான்னு கத்தினேன். நீ பாட்டுக்குத் தரையில விழுந்து கிடக்கிறே!"

"மன்னிப்புக் கேக்கச் சொல்றேன்னு நெனைச்சேன்."

"எதுக்கு?"

"அம்மாவுக்கு."



"கோவத்துல திட்டினதுடா. நீ கூப்பிடுவே, கூப்பிடுவேன்னு நானும் இருந்துட்டேன்." பிறகு அண்ணன் சிரித்தார். "அந்த போலீஸ்காரன் உன்னை எழுப்பினானே..." சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமலும் முழுசாகக் கேட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

இன்னும் டப் டப் என்று அடிக்கும் அந்தச் செருப்பு ஒன்பதாம் நம்பர். அம்பலவாணன் காலுக்கு எட்டு.