நரி கொடுத்த பச்சை வேலி

குளக்கரைக் காட்டில் ஒரு பெண் முயல் தோட்டம் போட்டிருந்தது. அதன் பெயர் மருக்கொழுந்து. முள்ளங்கியும் தண்டுக்கீரையும் அங்கே செழித்திருந்தன. முயலுக்கு மூன்று குட்டிகள். கடைசிக் குட்டிக்குப் பின்னங்கால் ஒன்று பிறவியிலேயே வளைந்திருந்தது.

தோட்டத்துக்கு மேற்கே ஒரு வரப்பு. அங்கே ஒரு கவுதாரி தன் குடும்பத்தோடு இருந்தது. நரி புல்லுக்குள் தலை காட்டினாலே கவுதாரி குரல் கொடுக்கும். உடனே முயல் கடைசிக் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஓடும். மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பாயும். மூன்று முறை நரி வெறும் வயிற்றோடு திரும்பியது.

ஆனாலும் கவுதாரியின் பார்வை மருக்கொழுந்துக்குப் பிடிக்கவில்லை. 'எந்நேரமும் இங்கேயே பார்க்கிறதே. என் பிள்ளையின் காலைப் பற்றி யாரிடம் என்ன சொல்கிறதோ' என்று உள்ளுக்குள் குமைந்தது. யாராவது வந்தால் அந்தக் குட்டியை மட்டும் கீரைக்குள் தள்ளி மறைத்துவிடும்.

இதை நரி கவனித்துவிட்டது. ஒரு நாள் குளத்தின் எதிர்க்கரையில் நின்று பேச்சுக் கொடுத்தது.

"பயப்படாதே அம்மா, நான் கிட்டே வரமாட்டேன். சொந்தத் தோட்டத்தில் உன்னால் நிம்மதியாக உட்கார முடிகிறதா?"

முயல் ஓடாமல் நின்று கேட்டது.

"சுற்றிலும் ஆடாதொடைச் செடி வை. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். ஆடுகூட வாய் வைக்காது. இரண்டு வரிசையாக நெருக்கி நட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நடுவதற்குக் குச்சிகளை வெட்டி இங்கேயே போட்டுவிட்டுப் போகிறேன்."

"இதில் உனக்கென்ன லாபம்?"

"வேலி எழும்பிவிட்டால் எனக்கும் அந்தப் பக்கம் வரும் ஆசை போய்விடும். வழி ஒன்று போதும். குளத்துப் பக்கம் விட்டால் தண்ணீருக்கு வசதி."

மழை தொடங்கியதும் முயல் குச்சிகளை நட்டது. கவுதாரி வந்து பார்த்தது.

"மருக்கொழுந்து, இந்தப் பக்கம் கொஞ்சம் இடைவெளி விடேன். வேலி வளர்ந்தால் குளத்துப் பக்கம் எனக்குத் தெரியாது. நரி வந்தால் எப்படிச் சொல்வேன்?"

"தெரியாமல் இருக்கத்தானே அக்கா வைக்கிறேன்."

கவுதாரி வரப்புக்குத் திரும்பியது.

மழை முடிவதற்குள் வேலி முயலின் தலைக்கு மேலே அடர்ந்துவிட்டது. கடைசிக் குட்டி முதல்முறையாக நடு வெயிலில் தத்தித் தத்தி விளையாடியது. அதைப் பார்த்துத் தாய்க்கு மனம் குளிர்ந்தது.

ஒரு நண்பகல் அது திரும்பிப் பார்த்தபோது, குளத்துப் பக்கம் விட்டிருந்த ஒரே வழியில் நரி உட்கார்ந்திருந்தது.

"நன்றாக வளர்த்திருக்கிறாய்," என்றது நரி.

முயல் குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு பின்வாங்கியது. மேற்கு வேலி முதுகில் இடித்தது. தண்டுகளுக்கு நடுவே தலைகூட நுழையவில்லை.

"கத்திப் பார். யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?" நரி அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தது.

எந்த முகத்தோடு கவுதாரியைக் கூப்பிடுவது? அப்போது கடைசிக் குட்டியின் நடுக்கம் தாயின் முதுகில் தெரிந்தது.

"அக்கா, நரி உள்ளே வந்துவிட்டது."

நரி இன்னும் இரண்டடி வைத்தது.

"எங்கே இருக்கிறாய்? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே," என்று கவுதாரியின் குரல் கேட்டது.

"உன் பக்கத்து வேலியை ஒட்டித்தான்."

"பேசிக்கொண்டே இரு. குரல் வரும் இடத்தில் நான் மண்ணைக் கீறுகிறேன். நீ உள்ளிருந்து தோண்டு."

முயல் பேசிக்கொண்டே தோண்டியது. என்ன பேசினோம் என்று அதற்கே தெரியாது. நரி பாய்வதற்குப் பதுங்கியது. அந்த நொடியில் ஆறு கவுதாரிகள் வேலிக்கு மேலே சடசடவென்று எழும்பி நரியின் முகத்தில் விழுந்தன. நரி கண்ணை மூடிக்கொண்டு கடித்தது. இறகுகள் பறந்தன.

மண் விட்டு, வேலிக்கு அடியில் ஒரு துளை திறந்தது. முயல் கடைசிக் குட்டியை முதலில் வெளியே தள்ளியது. பிறகு மற்ற இரண்டையும் தள்ளிவிட்டுத் தானும் நுழைந்தது. வாலிலிருந்து ஒரு கொத்து மயிர் நரியின் பல்லோடு போயிற்று. அந்தச் சிறு துளையில் நரியால் நுழைய முடியவில்லை. அது வேலியைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லோரும் முள்புதருக்குள் போய்விட்டார்கள்.

புதருக்குள் கவுதாரி குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. அதன் இளைய மகனுக்கு வால் இறகே இல்லை. மருக்கொழுந்து பழைய வழக்கத்தில் கடைசிக் குட்டியின் காலை மறைத்து நின்றது.

"ஏன் மறைக்கிறாய்? பிறந்த அன்றே பார்த்துவிட்டேன். ஓட முடியாத பிள்ளை ஒன்று இருக்கிறதே என்றுதான் அந்த வரப்பை விட்டு நான் நகரவே இல்லை," என்றது கவுதாரி.

முயல் மெல்ல விலகி நின்றது.

மறுநாள் காலை அது வேலியின் கசப்பைப் பொறுத்துக்கொண்டு, கவுதாரியின் கழுத்தளவுக்குக் கடித்துக் குறைத்தது. நான்கு பக்கமும் வழி விட்டது.

பக்கத்தில் இருப்பவர்களின் கண்ணை வெறுத்து நம்மை மறைத்துக்கொண்டால், ஆபத்து வரும்போது அவர்களால் நம்மைக் காக்கவும் முடியாது.