ஈரம் போகும் வழி

"அம்மா, நான் அடுத்த பஸ்ல கீழ இறங்கிடுறேன்," என்றார் அம்பலவாணன்.

தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எப்ப திரும்பி வருவீங்க ஐயா?"

"வரலை."

ஒரு தண்டை ஒடித்துப் போட்டார். இன்னொரு தண்டை எடுத்தார்.

"என்ன ஆச்சு?"

"துணி காய மாட்டேங்குதும்மா."

துணி காயவில்லை என்றா ஒரு மனுஷன் குருவை விட்டுப் போவான் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் கேளுங்கள்.

அது மலைமேல் இருந்த ஒரு குடில். படுத்த படுக்கையாகிப் போனவர்களை, வீட்டார் வேண்டாம் என்று விட்டவர்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தவமணி அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். அம்பலவாணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த அம்மாதான் குரு, இவர்தான் சீடர். அதில் இரண்டு பேருக்கும் வருத்தமில்லை.

அம்பலவாணன் முன்பு கல்யாணப் பந்திகளில் பரிமாறியவர். ஊரே சாப்பிட்டு எழுந்த பிறகு, மிஞ்சியதைச் சாப்பிட்டே பழகியவர். சாம்பாரை வேட்டியில் கொட்டிவிட்டதாக யாராவது கத்தினால் மன்னிப்புக் கேட்பார். அவர் மேல் யாராவது கொட்டினாலும் அவரே மன்னிப்புக் கேட்பார்.

நிம்மதி வேண்டும் என்று மலையேறி வந்தார்.

"துணி துவைங்க," என்றார் தவமணி அம்மா.

உபதேசம் அவ்வளவுதான்.

அந்த மலையில் மழைக்காலம் வந்தால் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கொடியில் போட்ட துணி, போட்டதைவிட ஈரமாகத் திரும்பி வரும். அதைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு புண்ணியவான் துணி உலர்த்துகிற மெஷின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கஞ்சி குடிக்கப் போகும்போது துணியைப் போட்டால், குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்திருக்கும்.

இப்போதெல்லாம் கஞ்சியும் முடிந்து, மத்தியானச் சோறும் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"பஞ்சு பிடிக்கிற வலையைச் சுத்தம் பண்ணீங்களா ஐயா?"

"ஒவ்வொரு தடவையும் பண்றேன்."

"துணியைத் திணிச்சிருப்பீங்க."

"பாதிதான் போடுறேன். பாதிக்கும் அதே நேரம்தான் ஆகுது."

"சூடு வருதா?"

"கை வைக்க முடியலை. ஆனா ஈரம் அப்படியே இருக்கு. அவிச்செடுத்த மாதிரி வருது."

"ஆளைக் கூப்பிட்டோமே?"

"மழை விடட்டும், வர்றேங்குறான். மழை விட்டா நமக்கு மெஷினே வேணாமே!"

தவமணி அம்மா சிரித்தார். அம்பலவாணன் சிரிக்கவில்லை. சிரிப்பதற்குக்கூட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"நேத்து பொன்னுத்தாயிக்குப் போர்வையைப் பாதி ஈரத்தோடவே விரிச்சேன். வேற இல்லை. அவங்க முதுகே புண்ணு."

"என்ன சொன்னாங்க?"

"'என்ன அம்பலம், மழை என் படுக்கைக்கே வந்திருச்சே, குடை கொண்டாந்தியா'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"திட்டியிருந்தா இருந்திருப்பேம்மா. சிரிச்சுட்டாங்க."

கீரைத் தட்டு அப்படியே இருந்தது.

"இன்னொரு மெஷின் வாங்கிக் கொடுங்க. இல்லைன்னா என்னை விட்டுடுங்க. இதுக்கு மேல என்னால முடியலை."

தவமணி அம்மா எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, பாப்போம்."

துணி அறைக்குள் நுழைந்ததும் புழுக்கம் முகத்தில் அறைந்தது. சன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, வெளியே இருப்பது மரமா மேகமா என்று தெரியவில்லை. அம்பலவாணன் பொன்னுத்தாயியின் போர்வையையும் இன்னும் இரண்டையும் மெஷினில் போட்டுக் கதவைச் சாத்தினார். அது சுற்ற ஆரம்பித்தது.

தவமணி அம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். மெஷினைப் பார்த்தபடியே இருந்தார். நேரம் போனது.

"ஐயா."

"சொல்லுங்கம்மா."

"துணியில இருக்கிற தண்ணி எங்க போகுது?"

"சூட்டுல போயிடும்."

"சரி, போயிடும். எங்க?"

"அம்மா, தத்துவம் கேக்குற நிலைமையில நான் இல்லை."

"தத்துவத்தை யாரு கேட்டா? நான் தண்ணியைத்தான் கேட்டேன்."

அம்பலவாணன் சுவரில் சாய்ந்து நின்றார். மெஷின் மூச்சுமுட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மூச்சை நல்லா உள்ள இழுங்க," என்றார் தவமணி அம்மா.

ஏதோ பயிற்சி என்று நினைத்து இழுத்தார்.

"இன்னும்."

இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம்."

நெஞ்சு புடைத்தது. தவமணி அம்மா அவரைப் பார்க்கவில்லை. முந்தானையால் சன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்பலவாணன் கையை ஆட்டிக் காட்டினார். கண் பிதுங்கியது.

"இன்னும் கொஞ்சம் ஐயா."

புஸ்ஸென்று விட்டுவிட்டார். இருமல் வந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார்.

"விடச் சொல்லவே இல்லையேம்மா!"

"நீங்க கேக்கவே இல்லையே."

அம்பலவாணன் குனிந்த வாக்கிலேயே நின்றார். குனிந்திருந்ததால் மெஷினின் பின்பக்கம் கண்ணில் பட்டது. அங்கிருந்து ஒரு தடித்த குழாய் புறப்பட்டுச் சுவருக்குள் போய் மறைந்தது.

சுவருக்குள் போனது, சுவருக்கு வெளியே வர வேண்டுமே.

செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினார்.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மற்றச் சீடர்கள் ஜெபத்துக்கு உட்காருவார்கள். அந்தக் குளிரில் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கிற சுவர் அது ஒன்றுதான். இப்போது ஏகாம்பரம் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே குழாயின் வாய்.

குழாயின் வாயில் ஒரு துண்டு கட்டியிருந்தது.

அம்பலவாணனின் துண்டு.

மழை தொடங்கின சமயத்தில் ஏகாம்பரம்தான் வந்து சத்தம் போட்டார். "ஜெபத்துல உக்காந்தா தலையெல்லாம் பஞ்சு. இட்லிக் குண்டான் மாதிரி ஆவி வேற. மனுஷன் சாமி கும்பிடுறதா வேண்டாமா?" அம்பலவாணன் மன்னிப்புக் கேட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். நாலாக மடித்து, குழாயின் வாயில் வைத்து, இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். யாருக்கும் தொந்தரவில்லை. பிறகு அதை மறந்தே போனார். தினமும் இந்த வழியாகத்தான் கிணற்றுக்குப் போகிறார், வருகிறார். ஒருநாளும் கண்ணில் படவில்லை.

எக்கி அதைத் தொட்டுப் பார்த்தார். துணியாகவே இல்லை. உள்ளேயிருந்து வந்த பஞ்செல்லாம் அதில் அப்பி, ஊறி, நனைந்த மெத்தைபோலக் கனத்துக் கிடந்தது. முடிச்சு ஊதியிருந்தது. நகத்தால் நெம்பினார். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

பொத்தென்று விழுந்தது.

அடக்கி வைத்திருந்த ஆவியெல்லாம் புஸ்ஸென்று வெளியே வந்தது. கூடவே பஞ்சும் வந்தது. வெள்ளையும் நீலமுமாக ஏகாம்பரத்தின் தலையில், புருவத்தில், மீசையில் போய் உட்கார்ந்தது.

"யோவ் அம்பலம்!" ஏகாம்பரம் துள்ளி எழுந்தார். "என்னய்யா இது? அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

மன்னிப்பு அம்பலவாணனின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அறுபது வருஷத்துப் பழக்கம், தானாக வரும்.

குழாய் அவர் தலைக்குமேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மெஷின் முக்காமல் முனகாமல் லேசாகச் சுற்றுவது சுவர் வழியாகக் கேட்டது.

"கை வலிக்குது ஏகாம்பரம்," என்றார்.

"என்னது?"

"கை. இங்கேர்ந்து தோள்பட்டை வரைக்கும். ராத்திரி திரும்பிப் படுக்க முடியலை."

ஏகாம்பரம் மீசையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டிய கை நின்றது.

"போர்வையை ரெண்டு ஆள் முறுக்கிப் பிழியணும். நான் கொய்யா மரத்துல ஒரு முனையைக் கட்டிட்டு, மறுமுனையை ஒண்டியா முறுக்குறேன். தினமும். மரம் அசையுது, போர்வை பிழிய மாட்டேங்குது."

சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. அந்தக் குரலை ஏகாம்பரம் அதுவரை கேட்டதில்லை. அம்பலவாணனே கேட்டதில்லை.

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையேய்யா?"

"இப்ப சொல்றேன்."

சன்னலுக்குள்ளிருந்து தவமணி அம்மா குரல் கொடுத்தார்.

"ஐயா, கீழ் வளைவுல ஹாரன் கேக்குது. பஸ் வந்துரும் போல."

அம்பலவாணன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிணற்றடித் தொட்டியில் இன்னும் பிழியாத போர்வைகள் கிடந்தன. ஒன்றைத் தூக்கினார். தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து வேட்டியை நனைத்தது. ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டார். மறுமுனையை ஏகாம்பரத்தின் முன் நீட்டினார்.

ஏகாம்பரம் கம்பளியைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். தயங்கித் தயங்கி வந்து முனையைப் பிடித்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"எந்தப் பக்கமா முறுக்கணும்?"

"எனக்கு எதிர்ப்பக்கமா."