வெள்ளந்திபுரத்தார் நாவல் விற்ற விதம்

வெள்ளந்திபுரத்தில் நாவல் எழுதியவள் என்றால் அருள்சீலி ஒருத்திதான். கொலைக் கதை. அச்சாகி வந்த பிரதிகளெல்லாம் அவள் வீட்டு நடு அறையில், தூளி கட்டும் கொக்கிக்கு நேர் கீழே, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வீட்டில் இருந்ததே அந்த ஒரு கொக்கிதான். கைக்குழந்தை கட்டிலில் கிடந்தது. அது புரண்டு விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அருள்சீலி உட்கார்ந்தபடியே தூங்கினாள். கண்ணை மூடினால் பிள்ளை விழுகிற சத்தம் கேட்டது. திறந்தால் அது கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு சிரித்தது.

அடுக்கை ஒரு மூலைக்கு நகர்த்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வெள்ளந்திபுரத்தில் யாரும் கேட்கவில்லை. புத்தகம் விற்றால் தூளி, இல்லாவிட்டால் இல்லை என்று எழுத்தாளர் சங்கமே கூடி முடிவு செய்துவிட்டது.

பதிப்பாளருக்கு போன் போட்டார்கள். அருள்சீலியைச் சுற்றித் தலைவர் பொன்னுரங்கம், செல்லக்கிளி அக்கா, கவிஞர் மாசிலாமணி மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பேஸ்புக்குக்கு வாங்கம்மா," என்றார் பதிப்பாளர். "ஆனா சும்மா புத்தகம் புத்தகம்னே பேசாதீங்க, ஜனங்க ஓடிருவாங்க. வீட்டு விஷயம் பேசுங்க. நேரலையில வாங்க. ஒண்ணே ஒண்ணு, கதையோட முடிவு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது."

அன்றே வேலை ஆரம்பமானது. அருள்சீலி கத்திரிக்காய்ப் பொரியல் பற்றி எழுதினாள், அடைத்துக்கொண்ட சாக்கடை பற்றி எழுதினாள். புத்தகம் பற்றி மூச்சு விடவில்லை. "நீங்கள் எழுத்தாளரா?" என்று யாரோ ஒருவர் கேட்டபோது மாசிலாமணி பதறிப்போய், "சத்தியமாக இல்லை" என்று பதில் போட்டுக் காப்பாற்றினார்.

அடுத்தது நேரலை. ஊரே வந்து அறையில் நெருக்கி உட்கார்ந்தது. மாசிலாமணி போனைப் பிடித்தார்.

"தலைவரே, பாக்கறவங்க யாருமே இல்லைன்னு காட்டுது."

"மூச்சு விட இடமில்லாம உக்காந்திருக்கோம், யாருமே இல்லையா? போனுக்குக் கண்ணு மங்கிருச்சு. கிட்டத்துல காட்டு."

கிட்டத்தில் காட்டியும் பலனில்லை. செல்லக்கிளி அக்கா கோபித்துக்கொண்டு தெருவுக்குப் போய்த் தன் போனில் நேரலையைத் திறந்தாள். உடனே பார்வையாளர் ஒருவர் என்று காட்டியது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. "வெளிய போனாத்தான் நம்மள ஆளா மதிக்குது!" என்று எல்லோரும் எழுந்து ஓடினார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் தான் மட்டும் இல்லாமல் போவதா என்று மாசிலாமணியும் போனோடு ஓடினார். தெருவில் நின்று அத்தனை பேரும் தங்கள் போனில் தெருவையே பார்த்தார்கள்.

"கதை நல்லாப் போகுது," என்றார் தலைவர். "நம்ம ஊரு மாதிரியே இருக்கு."

உள்ளே அருள்சீலி குழந்தைக்கு முதல் அத்தியாயத்தை வாசித்து முடித்தாள்.

அப்புறம்தான் செல்லக்கிளி அக்காவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "ஏன் அருளு, வாங்கினவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டா?"

"முடிவு தெரிஞ்சுருமே அக்கா!" என்றாள் அருள்சீலி.

"அதுக்குத்தானே பதிப்பாளர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு," என்றார் தலைவர். "கிழி."

எல்லாப் பிரதியிலும் கடைசி அத்தியாயத்தைக் கிழித்தார்கள். அடுக்கு கொஞ்சம் இறங்கியதில் அருள்சீலிக்கு நம்பிக்கை பிறந்தது. கிழித்ததை யாரும் படித்துவிடக் கூடாதே என்று, எழுத்து வாசனையே இல்லாத வேர்க்கடலைக்காரரிடம் பத்திரமாக ஒப்படைத்தார்கள். அவர் பொட்டலம் மடித்தார்.

கடலை தின்ற சந்தை ஜனம் பொட்டலத்தைப் பிரித்துப் படித்தது. கொலை செய்தது தபால்காரர்! ஒருவர் அதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட, அது எங்கெங்கோ பறந்தது. "முடிவு பிரமாதம்! ஆரம்பம் எங்கே கிடைக்கும்?" என்று மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கேட்டார்கள்.

அருள்சீலி துள்ளிக் குதித்தாள். தூளிக்குப் பழைய சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

"அவசரப்படாத பாப்பா," என்றார் தலைவர். "முடிவு தெரிஞ்சவங்களுக்கு எப்படிக் கொடுக்கறது?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேட்டவர் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் போட்டார்கள்: "மன்னிக்கவும். தங்களுக்கு முடிவு தெரிந்துவிட்டது. மறந்துவிட்டு வரவும்."

ஒருவரும் மறந்துவிட்டு வரவில்லை. அடுக்கு அப்படியே நின்றது. அருள்சீலி சேலையைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பினாள். "பிள்ளை விழுந்துரும் தலைவரே. இன்னைக்குத் தூளி தொங்கியே ஆகணும்."

சங்கம் தாடையைத் தடவி வெகுநேரம் யோசித்தது.

"தூளி தொங்கணும், அவ்வளவுதானே?" என்றார் மாசிலாமணி.

தொங்கியது. ஒன்றுக்கு மூன்றாகச் சேலையை முறுக்கிக் கட்டி, அடுக்கில் இருந்த புத்தகங்களையெல்லாம் அதற்குள் திணித்தார்கள். கொக்கி கிறீச்சிட்டது. புத்தகம் நின்ற இடம் காலியாகிவிட, தூளி இடிக்காமல் ஓரடி தள்ளிப் பாய் விரித்துப் பிள்ளையைப் போட்டார்கள். தரையிலிருந்து விழுவதற்குக் கீழே இடமே இல்லை. இது ஏன் தனக்கு முன்பே தோன்றவில்லை என்று அருள்சீலி வியந்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தாள். படுத்ததும் குறட்டை வந்தது.

சங்கத்தார் முறை வைத்துத் தூளியை ஆட்டினார்கள். தலைவர் தாலாட்டை உரக்க எடுத்தபோது செல்லக்கிளி அக்கா வாயில் விரல் வைத்தாள்.

"மெல்லப் பாடுங்க தலைவரே. உள்ள இருக்கறது எல்லாமே கொலைக் கதை. அதுங்க முழிச்சா பிள்ளை பயந்துக்கும்."